முதுகில்லாத கட்டடம்

எனக்குக் கட்டடங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிராம சுகாதார செவிலியர் வேலையில் நான் பார்த்த பொதுக் கட்டடங்கள் எல்லாம் ஒரே ரகம். மஞ்சள் சுண்ணாம்பு, பச்சைக் கதவு, கதவில் ஒரு பூட்டு, அந்தப் பூட்டின் சாவி எப்போதும் ஊரில் இல்லாத ஒரு ஆளிடம். அப்படிப்பட்ட நான் ஒரு கட்டடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது என் வீட்டுக்காரருக்கே சிரிப்பாக இருக்கிறது. "ஊசி போடுறத வுட்டுட்டு இன்னா எழுதிக்கினு இருக்க?" என்று கேட்டுவிட்டு டீ போடப் போயிருக்கிறார். சிரிக்கட்டும். அந்தக் கட்டடத்தையும் அதைக் கட்டிய பெண்ணையும் பற்றி யாராவது நாலு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீடு வடக்கனந்தலில். என் வேலை கல்வராயன் மலையில். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறி வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு போக வேண்டும். தோளில் தடுப்பூசிப் பெட்டி, கையில் குழந்தைகளை எடை பார்க்கும் தொங்கு தராசு, பையில் பிரஷர் பார்க்கும் கருவி, மதியச் சோறு. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் தராசின் கொக்கி யார் முழங்காலிலாவது இடிக்கும். அவர்கள் என்னை முறைப்பார்கள். நானும் முறைப்பேன். வருஷக்கணக்கில் இப்படியே போய்வந்ததில் கண்டக்டர் என் தராசுக்கென்று ஒரு மூலையையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

என் பொறுப்பில் இருந்த ஊர்களில் இரண்டு, ஒரு மேட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. வடக்கே ஏறினால் ஒன்று, தெற்கே இறங்கினால் ஒன்று. இங்கே அவற்றை மேலூர், கீழூர் என்றே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு ஊரிலும் ஒரே ஜனம், ஒரே சாமி, ஒரே சாமைக் கூழ். ஆனால் பல வருஷங்களுக்கு முன்னால் திருவிழாவில் எந்த ஊர் மேளம் சாமிக்கு முன்னால் போவது என்று ஒரு தகராறு வந்தது. அன்றோடு பெண் கொடுப்பது எடுப்பது நின்றது, கல்யாணம் சாவுக்குப் போவது நின்றது. மேளம் அடித்த ஆட்கள் இப்போது உயிரோடு இல்லை. கோபம் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்றால், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மாதாமாதம் பார்க்கும் முகாமை நான் மேலூரின் ஒரு பழைய அறையில்தான் நடத்த வேண்டியிருந்தது. கீழூரில் இடமே கிடையாது. கீழூர்ப் பெண்கள் மேலூருக்குள் கால் வைக்க மாட்டார்கள். நான் முகாமை முடித்துக்கொண்டு கீழூருக்கு இறங்கி வீடு வீடாகப் போவேன். போனால் பாதிப் பேர் கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் கடுக்காய் பொறுக்கப் போயிருப்பார்கள். அப்படி ஒரு வருஷம் கீழூரில் ஒரு பெண்ணுக்குப் பிரஷர் ஏறியது யாருக்கும் தெரியாமலே போனது. வலி எடுத்து ஜீப்பில் மலையிறங்கும்போது வலிப்பு வந்தது. பிள்ளை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்கால் போட்டபோதெல்லாம் கடவுளிடம் சண்டைதான் போட்டேன்.

அதற்குப் பிறகு, பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடினேன். இரண்டு ஊருக்கும் நடுவில் மேட்டின் மேல் ஒரு பொதுக்கூடம் வேண்டும். முகாம் அங்கே நடக்கட்டும், ரேஷன் அங்கே போடட்டும், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் ஒதுங்கட்டும். என் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒருவழியாகப் பணம் ஒதுக்கினார்கள். வரைபடம் போடுவதற்கு ஒரு பெண் வந்தாள்.

சின்னசேலத்துக்காரி. வயது என்னைவிடக் குறைவு. தலையில் ஒரு பெரிய வைக்கோல் தொப்பி, காலில் ஆம்பளை ஷூ. முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அவளிடம் நான் அதுவரை எந்த எஞ்சினியரிடமும் பார்க்காத ஒரு குணம் இருந்தது. திட்டினால் கேட்டுக்கொள்வாள். வாய்க்கு வாய் பதில் சொல்ல மாட்டாள். முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, "சரி, வேற எப்படிப் பண்ணலாம்?" என்பாள்.

மேட்டில் முதல் கூட்டம் போட்டபோதே அந்தக் குணம் தேவைப்பட்டது. இரண்டு ஊர் ஆட்களும் வந்து ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். அவள் சாக்பீஸால் பாறை மேல் ஒரு சதுரம் போட்டு, வாசல் இங்கே என்று தெற்கே காட்டினாள். மேலூர்ப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்போ எங்க ஊருக்கு முதுக காட்டிக்கினு நிக்கப்போவுதா இந்தக் கட்டடம்?"

அவள் சதுரத்தை அழித்துவிட்டு வாசலை வடக்கே போட்டாள். உடனே கீழூர்ப் பக்கத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அங்கிருந்த ஒருவர் சொன்னார்: "அவங்களுக்கு மூஞ்சி, எங்களுக்குக் கக்கூஸ் பக்கமா? எங்களுக்கு வேணாங்க, அவங்களையே வச்சுக்கச் சொல்லுங்க."

எனக்கு இரண்டு பேரையும் அறையலாம் போல இருந்தது. அவள் மட்டும் பாறை மேல் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல், இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் முன்னால் ஒரே மாதிரி படி என்று வரைந்தாள். கக்கூஸும் சாமான் அறையும் மேற்கே, யார் ஊரும் இல்லாத பள்ளத்தின் பக்கம். கிழக்கே குளிர்காற்று வருகிற பக்கம், அதனால் அங்கே கனமான மூடு சுவர். "இதுக்கு முதுகே கெடையாதுங்க" என்றாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றும் பேசவில்லை. அந்த ஜனங்கள் ஒன்றும் பேசாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

முழு வரைபடத்தை எங்களுக்குக் காட்டியது கள்ளக்குறிச்சியில், சித்திரை மாதத்தில். மாடியில் அவளுடைய அறை. மேலே தகரக் கூரை. கரண்ட் வேறு போய்விட்டது. அதிகாரி ஒருவர், நான், இரண்டு ஊர் ஆட்கள், எல்லோரும் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தோம். அவள் காகிதத்தை விரித்து, சுவர் எவ்வளவு தடிமன், கூரை எவ்வளவு உயரம், காற்று எப்படி மேலே ஏறிப் போகும் என்றெல்லாம் விளக்கினாள். ஃபேனே தேவைப்படாது, கரண்டை நம்பியே இருக்க வேண்டியதில்லை, உள்ளே எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும் என்றாள். "ஜில்லுனு இருக்கும்னு சொல்லுங்க" என்று அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எங்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தையைக் கேட்டதிலேயே பாதி உயிர் வந்தது. சமவெளிக்காரர்களின் மூளை அப்படி. வீடு என்றால் வெயிலிலிருந்து தப்பிக்கிற இடம், அவ்வளவுதான். மலைக்காரர்களும் அன்றைக்கு அந்த அறையில் எங்களோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்ததால் தலையை ஆட்டினார்கள்.

கட்டிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். செங்கல் லாரி மலையேற வேண்டாம் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். சாமை விதைக்கிற கொல்லைகளில் ஒவ்வொரு உழவுக்கும் கல் கிளம்பும். அதைப் பொறுக்கி வரப்பில் குவித்து வைத்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் குவித்த கல். அதைக் கொண்டுவாருங்கள் என்றாள். கீழே சின்னசேலத்துப் பக்கம் ஒரு பழைய தானிய மண்டியை இடித்தபோது அதன் ஓடுகளையும் தேக்கு உத்திரங்களையும் கேட்டு வாங்கி வந்தாள். கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் தொட்டிக்குப் போகும்படி காவா போட்டாள். கல்லைத் தலையில் சுமந்து வந்த பெண்கள் கொல்லைக்காரிகள். தங்கள் கல்லைத் தாங்களே பார்த்து வைத்தார்கள். மேலூர்க் கல் கொஞ்சம் கறுப்பு, கீழூர்க் கல் கொஞ்சம் சிவப்பு. அவரவர் அவரவர் பக்கத்தில் குவித்து, அவரவர் பக்கத்துச் சுவரில் வைத்ததால் கட்டடம் பாதி கறுப்பாகவும் பாதி சிவப்பாகவும் எழும்பியது. கிழக்குச் சுவரின் நடுவில் இரண்டும் முட்டிக்கொண்ட கோடு தூரத்திலிருந்தே தெரியும். அவள் அதைச் சரிசெய்யச் சொல்லவில்லை. "அது அப்படித்தான இருக்கு" என்றாள்.

இந்த இடத்தில் இரண்டு சகோதரிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருவரும் மேலூரில் பிறந்தவர்கள். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அக்காதான் தங்கையை வளர்த்தாள். தங்கை வெள்ளிமலைக்குத் தையல் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் கீழூர்ப் பையன் ஒருவனைப் பார்த்துப் பிடித்துப்போய், சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். அவ்வளவுதான். அக்காவுக்குத் தங்கை இல்லை என்று ஆகிவிட்டது. கீழூர் மாமியாரும் சும்மா இல்லை. இனி அந்த ஊர் மண்ணை மிதிக்கக் கூடாது என்று மருமகளிடம் சொல்லிவிட்டாள்.

அக்கா என் முகாமுக்குத் தன் கைக்குழந்தையோடு வருவாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, முந்தானையைச் சரிசெய்துகொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்பாள்: "கீழூர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா நர்சம்மா?"

எல்லாரும் என்றால் ஒரே ஆள் என்பது எனக்குத் தெரியும். "எல்லாரும் நல்லாதான் இருக்காங்க" என்பேன். கீழூருக்கு இறங்கினால் தங்கை தையல் மிஷினை நிறுத்திவிட்டு அதே கேள்வியை ஊர் பேரை மாற்றிக் கேட்பாள். நானும் அதே பதிலைச் சொல்வேன். தபால்காரன் வேலைக்குச் சம்பளம் தனியாகத் தர மாட்டார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

கட்டடம் கூரை ஏறிக்கொண்டிருந்தபோது தங்கை கர்ப்பமாக இருந்தாள். ஐப்பசியில் அவள் வீட்டில் பிரஷர் பார்த்தபோது கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தக் காலில் இருந்த வீக்கத்தை நான் ஏற்கெனவே ஒரு பெண்ணிடம் பார்த்திருந்தேன். அடிக்கடி பார்க்க வேண்டும், மாத்திரை தவறக் கூடாது, ஏறினால் உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து நான் இறங்கிப் போவதை நம்பி இருக்க முடியாது. அந்தக் கூடம் திறந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

கார்த்திகையில் திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். உள்ளே போன எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். உண்மையிலேயே அழகுதான். உள்ளே நின்றால் நம் குரலே கொஞ்சம் மரியாதையாகக் கேட்கும். கல்லும் ஓடும் மரமும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. நானும் அன்றைக்குப் பெருமையாகத்தான் நின்றேன்.

மார்கழி முதல் முகாமில் என் பெருமை இறங்கியது. காலையில் போய் மேஜை போட்டு உட்கார்ந்தேன். வடக்கு வாசல் வழியாக மேலூர்ப் பெண்கள் வந்தார்கள். தெற்கு வாசல் வழியாகக் கீழூர்ப் பெண்கள் வந்தார்கள். தங்கையும் வந்தாள். கடவுளே, வந்துவிட்டாள் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். வந்த வழியே, அவரவர் வாசலில். அவரவர் படியில் வெயிலில் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே நான் மட்டும். கல் சுவர் இரவெல்லாம் குளிரைக் குடித்து வைத்துக்கொண்டு பகலில் அதை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்தியும் பல் கிட்டியது. ஊசி போடக் குழந்தையின் துணியை விலக்கினால் ஊசிக்கு முன்னாலேயே அது அலறியது.

நான் தராசைத் தூக்கிக்கொண்டு வடக்குப் படிக்கு ஓடினேன், பிறகு தெற்குப் படிக்கு ஓடினேன். மதியத்துக்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. தங்கையை அடிக்கடி பார்க்க வேண்டுமே என்று அந்த மாதம் வாராவாரம் முகாம் வைத்தேன், அடுத்த வாரமும் இதே கதை. அதற்கடுத்த முறை குளிருக்குப் பயந்து கீழூரிலிருந்து பாதிப் பேர் வரவேயில்லை. தங்கையும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். காலியான கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரும் உள்ள வரலைன்னா சும்மா எதுக்கு வச்சிருக்கணும்? உர மூட்டை அடுக்கிடலாம். நீங்க பழையபடி மேலூர்லயே பாருங்க" என்றார். பொங்கல் கழிந்ததும் மூட்டைகள் வந்துவிடும் என்றும் சொன்னார்.

அவரிடம் பேசாமல் போனை எடுத்தேன். மேட்டில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று அந்தப் பெண்ணுக்குப் போட்டேன்.

"உங்க கட்டடத்துல நான் ஒருத்திதான் ஒக்காந்துக்கினு இருக்கேன். ஐஸ் பெட்டியில ஊசிமருந்து வைக்கிற மாதிரி என்னைய வச்சிருக்கீங்க. அழகா கட்டினீங்க, சரி. யாருக்குக் கட்டினீங்க?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்தத் தங்கையைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அதனால் இன்னும் கோபம் ஏறியது.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வரேங்க" என்றாள்.

வந்தாள். முதல் நாள் வராதவர்களுக்காக அன்றைக்கும் முகாம் என்று இரண்டு ஊருக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை. வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை என்று பிறகு தெரிந்தது. கூடத்தின் நடுவில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் டீ கொடுத்தேன், வேண்டாம் என்றாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். உதடு நீலம் பாரித்தது. பிறகு எழுந்து வடக்கு வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். தெற்கு வாசலுக்குப் போய் அங்கே இருந்தவர்களைப் பார்த்தாள். இரண்டு இடத்திலும் தாய்மார்கள் காலை நீட்டி, பிள்ளைகளைக் கால் மேல் கிடத்தி, எண்ணெய் தடவி இளவெயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை அண்டாது, எலும்பு உறுதிப்படும் என்று காலை வெயிலில் போடுவது எங்கும் உள்ள வழக்கம்தான். மலையில் அது சோறு மாதிரி. என்ன நடந்தாலும் அந்த நேரம் தவறாது.

"நான் கள்ளக்குறிச்சியிலேயே ஒக்காந்து கட்டியிருக்கேன்" என்று அவள் என்னிடம் சொன்னாள். யாரையும் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வெந்த அறையில் நாங்கள் எல்லோரும் தலையாட்டியதை அவள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிழக்குச் சுவரிடம் போய் அந்தக் கறுப்பும் சிவப்பும் முட்டுகிற கோட்டின் மேல் கையை வைத்து நின்றாள்.

"இங்க தொறக்கணும்" என்றாள். "தரை வரைக்கும். அகலமா."

"ரெண்டு பக்கமும் ரெண்டா தொறக்கலாமே" என்றேன். ஊருக்கு ஒன்று என்ற பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேணாங்க. ஒண்ணு போதும்."

புதுச் சர்க்கார் கட்டடத்தின் சுவரை இடிப்பது என்றால் விளையாட்டா? அதிகாரி முதலில் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் அவரைத் தர்க்கம் செய்து மடக்கவில்லை. ஒரு காலையில் அவரைக் கூட்டிவந்து கூடத்துக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வரைபடத்தை விரித்து நிதானமாக, மிக மிக நிதானமாக விளக்கினாள். டீ வர நேரமாகும் என்றும் சொன்னாள். அவர் கையை அக்குளில் வைத்துக்கொண்டார், காலை ஆட்டினார், கடைசியில் எழுந்து, "வெளியில போய்ப் பேசலாமே" என்றார். வெயிலில் போய் நின்றதும் முகம் தெளிந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். "பொங்கலுக்குள்ள முடிச்சிடுங்க. மேல நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கூரைக்கு முட்டுக் கொடுத்து, மண்டியிலிருந்து மிச்சமிருந்த ஒரு தேக்கு உத்திரத்தை மேலே செருகி, கோட்டின் இரண்டு பக்கமும் கல்லைக் கழற்றினார்கள். கழற்றிய கல்லைத் தனித்தனியாகக் குவிக்க அங்கே இடமில்லை. ஒரே குவியலாகப் போட்டு, அதிலிருந்தே எடுத்துத் திறப்பின் அடியில் உட்காருவதற்கு அகலமான தாழ்ந்த படி கட்டினார்கள். குளிர்காற்று வந்தால் சாத்திக்கொள்ள மரக் கதவு போட்டார்கள். பொங்கலுக்கு முதல் நாள் வேலை முடிந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நன்றாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு முகாமுக்கு வராத தங்கையை நானே கீழூருக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிரஷர் ஏறியிருந்தது. அன்றைக்கே ஜீப் பிடித்து நானும் கூடவே உட்கார்ந்து மலையிறங்கினேன். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஜபம் வரவில்லை, வளைவுகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கண்காணித்தார்கள். தை பிறந்து சில நாளில் ஆண் பிள்ளை பிறந்தது. எடை கொஞ்சம் கம்மி, ஆனால் நல்ல குரல். நான் திரும்பி வந்து மேலூர் அக்காவிடம், "கீழூர்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒரு ஆள் ஜாஸ்தியாவே இருக்காங்க" என்றேன். அவள் அடுப்பில் எதுவும் இல்லாதபோதே அடுப்பைக் கிளறப் போய்விட்டாள்.

தை மாதத்து முகாம் பொங்கலிலும் ஆஸ்பத்திரி அலைச்சலிலும் நடக்காமல் போனது. கடைசியில் மாசி மாதத்து முகாம். காலையில் நான் கிழக்குக் கதவைத் திறந்தேன். வெயில் உள்ளே வந்து கூடத்தின் நடுத் தரையில் ஒரு பெரிய பாய் அளவுக்கு விழுந்தது. சுற்றி எல்லாம் நிழல், குளிர். வெயில் அந்த ஓர் இடத்தில்தான். வடக்கு வாசலில் வந்தவர்கள் நேராக அதற்கு வந்தார்கள். தெற்கு வாசலில் வந்தவர்களும் நேராக அதற்கு வந்தார்கள். கொஞ்சம் தயக்கம் இருந்தது. ஆனால் குழந்தை அழும்போது எவ்வளவு நேரம் தயங்குவது? பாயின் இந்த ஓரத்தில் மேலூர், அந்த ஓரத்தில் கீழூர், நடுவில் ஒரு முழம் வெறும் தரை. காலை நீட்டினார்கள். எண்ணெய்க் கிண்ணங்களை எடுத்தார்கள்.

நான் உத்திரத்தில் தராசை மாட்டினேன். வெளியே ஓட வேண்டிய வேலை இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு ஊரும் எனக்கு எதிரில் இருந்தன. அந்தக் காட்சியைப் பார்க்க அவள் இல்லையே என்று நினைத்தேன்.

வெயில் ஏற ஏற அந்தப் பாய் சுருங்கி, திறப்பை நோக்கி நகர்ந்தது. தாய்மார்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதோடு நகர்ந்தார்கள். ஒவ்வொரு நகர்விலும் நடுவில் இருந்த வெறும் தரை குறைந்தது. கடைசியில் அந்தக் கலப்புக் கல் படிக்குப் பக்கத்தில் எல்லோரும் முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பார்த்தால், அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் நேர் எதிரே என்னையே பார்த்தபடி.

தங்கை புதுத் தாய். பிள்ளையைக் கால் மேல் போட்டுக்கொண்டு, எங்கே உடைந்துவிடுமோ என்று விரல் நுனியால் எண்ணெய் தொட்டுத் தொட்டு வைத்தாள். அக்கா தன் பிள்ளைக்குத் தேய்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். பார்த்தாள், பொறுத்தாள், பொறுக்க முடியவில்லை.

"நர்சம்மா" என்றாள் என்னைப் பார்த்து. "அந்தப் பொண்ணாண்ட சொல்லுங்க. புள்ளைக்கு அப்புடியா எண்ண தேய்ப்பாங்க?"

தங்கையின் கை அப்படியே நின்றது.

எனக்கு வந்ததே கோபம். எத்தனை வருஷம் இந்தத் தபால்? இடுப்பு நோகத் தராசைத் தூக்கிக்கொண்டு, மலை ஏறி இறங்கி, ஒரு சுவரையே இடித்துத் திறந்த பிறகும் இவளுக்கு நான் தூது போக வேண்டுமா? "எனக்கு வேற வேல இருக்கு. கைக்கெட்டுற தூரத்துலதான ஒக்காந்துக்கினு இருக்கா? நீயே சொல்லு" என்றேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தன் பிள்ளையைத் தூக்கிப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். பக்கத்திலிருந்தவள் கீழூர்க்காரி, வாங்கிக்கொண்டாள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். காலை நன்றாக நீட்டிப் போட்டாள்.

"குடு இப்புடி" என்றாள் தங்கையிடம்.

தங்கை கொடுத்தாள். அக்கா அவனைக் கால் மேல் குப்புறப் போட்டு, கை நிறைய எண்ணெய் ஊற்றி, முதுகில் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.